நிற்கிற நாளுக்கும் கூலி உண்டு

சங்ககிரி
11.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மழை பிடித்ததில் இருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குக் காலாண்டில் கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. "அப்பா ஊர்ல இருந்திருந்தா சொல்லிக் குடுத்திருப்பார்" என்று பழியை உன் மேல் போடுகிறாள். நீ கணக்கில் எத்தனை வாங்கினாய் என்று நானும் அவளிடம் சொல்லவில்லை. நாம் இருவரும் பேசாமல் இருப்பதுதான் குடும்ப மானத்துக்கு நல்லது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் உன்னிடம் என்ன பேச முடிகிறது? "செரிக்கா, செரிக்கா, வெக்கறேன்." வேறு வார்த்தை உன் வாயில் வந்திருக்கிறதா? வண்டி ஓடும்போது உன்னைக் கூப்பிட எனக்கே பயம். நிற்கும்போது கூப்பிட்டால் சுற்றிலும் நாலு டிரைவர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் எதிரில் அக்காவிடம் திட்டு வாங்க உனக்குக் கூச்சம். இன்றைக்கு ராத்திரி நம் லாரி புக்கிங் ஆபீசில் புக்கான ஜவ்வரிசி லோடு ஒன்று நாக்பூர் புறப்படுகிறது. டிரைவர் உனக்குத் தெரிந்தவர்தான், நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பாவிடம் கிளீனராக இருந்தாரே, அவர். அவர் கையில் இந்தக் கடிதமும், புளிக்காய்ச்சலும், பருப்புப்பொடியும், தட்டுவடையும் வருகின்றன. புளிக்காய்ச்சலை முதல் நாளே பார்க்கிங்கில் பந்தி வைத்துத் தீர்த்துவிடாதே. நீ அப்படித்தான் செய்வாய் என்று தெரிந்து டப்பாவைப் பெரிதாகவே கொடுத்திருக்கிறேன்.

நீ என்னிடம் சொல்லாததை உன் வீட்டுக்காரி அம்மிணி வந்து சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே. ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் வெசனப்பட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். திருச்செங்கோட்டில் யாரோ ஒருவர் பழைய பத்து சக்கர வண்டி வைத்திருக்கிறாராம், பைனான்ஸ் போட்டு அதை எடுத்துக்கொள்ளப் போகிறாயாம். "அடுத்தவன் வண்டிய ஓட்டி நாசமாப் போறதுக்கு நம்ம வண்டியவே ஓட்டலாம்" என்றாயாம். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீ ஏன் நாக்பூரில் லோடு கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்ப்போம். நீ புரோக்கரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். பாவம், அவன் எங்கே போய் லோடு கொண்டுவருவான்?

நாக்பூர், வார்தா, யவத்மால் பக்கம் பஞ்சு பேல் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குவதுதான் உனக்கு ரிட்டர்ன். ஆகஸ்ட் 27-இல் இருந்து அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டிருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் ஆட்டம் கண்டுவிட்டது. பனியன்காரன் நூல் வாங்கினால்தானே மில்லுக்காரன் பஞ்சு வாங்குவான்? மில்லுக்காரன் தலை தப்பட்டும் என்று வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை டிசம்பர் கடைசி வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கப்பலில் வருகிற பஞ்சு தூத்துக்குடியில் இறங்கினால் ஒரே ராத்திரியில் மில்லுக்குப் போய்விடும், அதற்கு நாக்பூர் வண்டி எதற்கு? அமெரிக்காவில் ஒருவன் கையெழுத்துப் போட்டால் நாக்பூர் பைபாஸில் என் தம்பி டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது.

போகிற லோடும் அப்படித்தான் இருக்கிறது. நவராத்திரி விரதத்துக்கு மராட்டியத்தில் ஜவ்வரிசி எவ்வளவு போனாலும் விற்கும். அந்த ஓட்டம் முடிந்துவிட்டது. இப்போது ஒரு லோடு என்று குரூப்பில் போட்டால், நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் போன் வருகிறது. போன வாரம் ஒரு காதில் ஒரு ஓனர், இன்னொரு காதில் இன்னொரு ஓனர். முதல் ஆள் சொன்ன வாடகையை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன். மறு காதில் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "அதுல ரெண்டாயிரம் கம்மியா எம் பேருக்குப் போட்டுருங்க, வண்டி நின்னா டயர் காத்துப் போகுது" என்றார். இருவரும் நல்லவர்கள்தான். இருவருக்கும் ஐந்தாம் தேதியானால் டியூ கட்ட வேண்டும். அந்த இரண்டாயிரம் ரூபாய் யார் பாக்கெட்டில் இருந்து போகிறது என்று நினைக்கிறாய்? டீசல்காரன் குறைப்பானா, டோல்கேட்காரன் குறைப்பானா? பைனான்ஸ்காரன் பேச்சே வேண்டாம். எல்லோரும் ஒதுங்கினால் மிச்சம் நிற்பது டிரைவர் பேட்டா ஒன்றுதான்.

நீ எப்போதும் "பேட்டாவ யாரும் கொறைக்கலக்கா, அதே ரேட்டுதான்" என்பாய். அதைத்தான் நீ சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு பேப்பர் எடு. ஒரு நடைக்கு உன் கைக்கு 9,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள். போய்வர ஆறு நாள் என்றால் நாளுக்கு 1,500. வழியில் சாப்பாடு, டீ, குளியல் என்று நாளுக்கு 350 போனால் வீட்டுக்கு 1,150. அதே நடை பன்னிரண்டு நாள் இழுத்தால் நாளுக்கு 750, சாப்பாட்டுக்கு அதே 350 போக மிச்சம் 400. ரேட்டில் ஒரு பைசா குறையவில்லை, வீட்டுக்கு வருகிற காசு மூன்றில் ஒன்றாகிவிட்டது. கட்டடச் சித்தாள் இதைவிட அதிகம் வாங்குகிறாள், சாயந்திரம் ஆனால் வீட்டுக்கும் போகிறாள். மந்தம் வந்தால் ஓனருக்கு அது வாடகையில் தெரிகிறது. உனக்கு ஹால்டில், லோடு இல்லாமல் வண்டி நிற்கிற நாளில் தெரிகிறது. ஹால்டுக்குக் கூலி என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை என்பதால், அது குறைந்தது என்று உனக்கே உறைக்க மாட்டேன் என்கிறது.

அதனால் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே: வண்டி நிற்கிற நாளும் உனக்கு வேலை நாள்தான். நீ படுத்துக் கிடக்கவில்லை. டீசல் டேங்குக்குக் காவல் இருக்கிறாய், ஸ்டெப்னிக்குக் காவல் இருக்கிறாய், படுதா கிழியாமல் பார்க்கிறாய், வரிசை நகர நகர ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வண்டியை முன்னால் எடுத்துப் போடுகிறாய். வாட்ச்மேனுக்கு இதற்குச் சம்பளம் உண்டு. உனக்குக் கிடையாதா?

உன் வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு ரோட்டோரம் ஓரங்கட்டிக் கண்ணை மூடினால், கால் மணி நேரத்தில் "வண்டி ஏன் நிக்குது?" என்று ஓனர் கூப்பிடுகிறார். குடோன் வாசலில் நாள் கணக்கில் நிற்கும்போது மட்டும் அதே ஜி.பி.எஸ்.ஸைப் பார்க்க ஆளில்லை. நீ தூங்கியதற்குச் சாட்சியாக இருக்கிற கருவி, நீ காத்திருந்ததற்கும் சாட்சிதானே? அதை நீயும் பயன்படுத்திக்கொள். இனி எந்தக் குடோனுக்குப் போனாலும் கேட்டில் டோக்கன் வாங்கினதும் அதைப் போட்டோ எடு. டோக்கன் தராத இடம் என்றால் கேட்டையும் வண்டி நம்பரையும் சேர்த்து ஒரு போட்டோ. அப்போதே ஓனருக்கும் புக்கிங் ஆபீசுக்கும் அனுப்பு. "வண்டி கேட்டுக்கு வந்தாச்சு, இன்னும் எறக்கல" என்று ஒரு வரி போதும். மறுநாள் காலையில் மறுபடியும் ஒரு வரி. சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். எங்கள் ஆபீசிலேயே பார்க்கிறேன், போட்டோவும் நேரமும் கையில் இருக்கிற வண்டிக்குப் பார்ட்டியிடம் ஹால்டிங் கூலி கேட்டு வாங்க முடிகிறது. வாய்ப்பேச்சாக "நாலு நாள் நின்னானுங்க" என்றால், "எங்க ரிஜிஸ்டர்ல அப்படி இல்லையே" என்று முடித்துவிடுகிறார்கள். வாங்கின ஹால்டிங்கில் டிரைவருக்குப் பாதியாவது கொடுக்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். உன் ஓனர் எப்படி என்று இதுவரை நீ கேட்டதே இல்லை. அடுத்த நடைக்கு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கேள், ஏறின பின்னால் கேட்காதே.

உன் ஓனரை மொத்தமாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பெரிய கம்பெனிக்கு வண்டி விட்டிருக்கிறார். பில் போட்டால் இரண்டு மாசம், மூன்று மாசம் கழித்துத்தான் பணம். டீசலுக்கும் டோலுக்கும் இன்றைக்கே எண்ணிவைக்க வேண்டும். பன்னிரண்டு சக்கர வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். நம் ஊரில் டீசல் 92 ரூபாய், கிலோமீட்டருக்கு 23 ரூபாய் அதற்கே போகிறது. நாக்பூர் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர் என்று வைத்தாலே 28,750. தெலங்கானாவில் இன்னும் விலை கூட என்று கர்நாடகத்திலேயே டேங்கை நிரப்புவீர்களே, அங்கேயும் ஏப்ரலில் விற்பனை வரியை ஏற்றி லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டினார்கள். லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக் பண்ணினது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது அந்தப் பக்கம்தானே மாட்டிக்கொண்டாய். அவர் கஷ்டம் நெசம். ஆனால் அவர் கஷ்டத்தை உன் தூக்கத்தில் இருந்து எடுத்து அடைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. தொப்பூர் இறக்கத்தில் நீ நியூட்ரலில் விடுகிறாய்.

இல்லை என்று சொல்லாதே. போன தடவை நீ உன் கூட்டாளியிடம் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகப் பேசியது உள்ளே அடுப்படியில் எனக்குக் கேட்டது. ஏன் செய்கிறாய் என்றும் தெரியும். ஓனர் இவ்வளவு மைலேஜ் என்று கட்டிவிடுகிறார். அதற்குக் குறைந்தால் உன் பேட்டாவில் பிடிப்பு. அதனால் தருமபுரி தாண்டி இறக்கம் வந்ததும் கியரை எடுத்துவிட்டு உருட்டுகிறாய். எத்தனை டீசல் மிஞ்சும்? ஒரு லிட்டர்? இரண்டு லிட்டர்? கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை டன்னும் பிரேக் மேல்தான் உட்காரும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இது நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், நான் உனக்குச் சொல்லவில்லை. இரட்டைப் பாலத்துக்கிட்டே லாரி மோதி எரிந்த செய்தி வரும்போதெல்லாம் அம்மா டி.வி.யை அணைக்க விடமாட்டாள், வண்டி நம்பர் தெரிகிறதா என்று கிட்டே போய்ப் பார்ப்பாள். அதுவும் அந்த இறக்கம் வருகிற இடத்தைப் பார். நாக்பூரில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று கண் சொக்குகிற இடம். டீசல் பிடிப்பு எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், மாசாமாசம் எழுதிக்கொடு, தருகிறேன். கியரில் இறங்கு.

சட்டம் பற்றிக் கேட்டாயே, நம் ஆபீசுக்கு வருகிற வக்கீலிடம் விசாரித்தேன். மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. தொலைதூர வண்டி என்றால் நாளுக்குப் பத்து வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் அது பொருந்துமாம். நம் பக்கம் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கிற ஓனர்கள்தானே அதிகம், அங்கே அது எட்டிப் பார்ப்பதே இல்லை. வேடிக்கை என்னவென்றால் சரக்குக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. நாக்பூருக்கு ஏழு நாள் செல்லும். பார்ட்டி மூன்றாம் நாள் காலையில் வண்டி நிற்க வேண்டும் என்கிறான். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நாங்கள், புக்கிங் ஆபீஸ்காரர்கள். இனி என் கையில் வருகிற லோடுக்கு நாலு நாளுக்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்வதில்லை என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன். முறைத்தார். முறைக்கட்டும்.

விபத்துச் சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறாய் என்று அம்மிணி சொன்னாள். மோதி உயிர் போன பிறகு போலீசுக்குச் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் வரை ஜெயில் என்ற அந்தப் பிரிவை, 2024 ஜனவரியில் வடக்கே ஸ்ட்ரைக் நடந்த பிறகு அமலுக்கு வராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்காக ஓடிப்போகலாம் என்று அர்த்தமில்லை. கூட்டம் கூடி அடிப்பார்கள் என்று பயந்தால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வண்டியை விடு. போகிற வழியிலேயே 112-க்குக் கூப்பிடு.

இன்னொன்று, உன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டில் ஹான்ஸ் புகையிலை இருந்தது. அம்மா பார்ப்பதற்குள் எடுத்து எறிந்தேன். தூக்கம் வராமல் இருக்க என்பாய். தூக்கம் வந்தால் தூங்க வேண்டியதுதான், அதற்கு மருந்து எதற்கு? அப்பா காலத்தில் கல்கத்தா லைனுக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். ஒருவர் ஓட்ட ஒருவர் பின்னால் படுத்திருப்பார். இப்போது அந்த மூன்று பேர் வேலையும் உன் ஒருவன் தலையில். கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை என்று ஓனர்கள் அங்கலாய்க்கிறார்கள். எப்படி வருவான்? இந்த வருஷத்தில் இருந்து புதிதாக வருகிற பெரிய லாரிக்கெல்லாம் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது, நல்ல விஷயம்தான். நீ ஓட்டுவது பழைய வண்டி, உனக்கு மே மாசத்து நாக்பூர் வெயில் அப்படியே இருக்கும். தண்ணியாவது குடி. ஒன்றுக்குப் போக இடமில்லை என்று தண்ணி குடிக்காமல் ஓட்டித்தானே போன வருஷம் கல் அடைத்துப் படுத்தாய்? பெட்ரோல் பங்குகளில் டிரைவர்கள் தங்க "அப்னா கர்" என்று கட்டி விட்டிருக்கிறார்களே, வழியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். குளித்துப் படுத்து எழுந்தால் உடம்பு ஆளாகும்.

இனி அந்தத் திருச்செங்கோட்டு வண்டிக்கு வருகிறேன்.

செப்டம்பர் 22-இல் இருந்து லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினதும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அதுதான் உன்னிடம் வந்திருக்கிறது. வண்டி விலைதான் குறைந்தது, வாடகை ஏறியதா? விலை குறைந்தால் இன்னும் பத்துப் பேர் வண்டி எடுப்பார்கள், இருக்கிற லோடுக்கு இன்னும் பத்து வண்டி போட்டி போடும். சித்தப்பா கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2018 தொடக்கத்தில் வண்டி எடுத்தார். அந்த ஜூலையில் ஆக்சில் லோடை ஏற்றினார்கள், பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னில் இருந்து 28.5 ஆனது. எல்லோரும் இனிமேல் கூட ஏற்றலாம் என்று சந்தோஷப்பட்டோம். நூறு லாரி ஏற்றுகிற சரக்கை எண்பது சொச்சம் லாரி ஏற்றிவிடும், மீதி வண்டி எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வருஷமே மந்தம். அதற்கும் அடுத்த வருஷம் கொரோனா. மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னபோது சித்தப்பா நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினார். கட்டாத மாசத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பைனான்ஸ்காரன் ஆள் வந்து சாவியைக் கேட்டபோது சித்தி வாசலில் நின்று பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. நீயும் நானும்தான் அவளை உள்ளே கூட்டிப்போனோம்.

உன் கணக்கில் வாடகையையும் டீசலையும் மட்டும்தான் எழுதியிருக்கிறாய், அம்மிணி அந்தப் பேப்பரைக் காட்டினாள். பத்து சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸே வருஷத்துக்கு 43,950 ரூபாய், வரி தனி. ஒரு ஜோடி டயர் நாற்பதாயிரம் பக்கம். எஃப்.சி., பெர்மிட், ரோடு டாக்ஸ், பட்டறைச் செலவு எதுவும் உன் பேப்பரில் இல்லை. நீ ஹால்ட் ஆகிற நாளும் இல்லை. இன்றைக்கு அந்த ஹால்டை ஓனரும் நீயும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள், உனக்குப் பங்கு கூட என்றாலும் டியூ அவர் தலையில்தான். சொந்த வண்டி என்றால் இரண்டும் உனக்கே. டிரைவராக இருந்து ஏமாந்தது போதாதென்று ஓனராக இருந்தும் ஏமாறுவேன் என்று எதற்கு நிற்கிறாய்? அம்மாவின் ஆறு பவுனைக் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறாய். அவள் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிடுவாள், அதனால்தான் நீ கேட்கக் கூடாது.

வண்டியே வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். பஞ்சு லோடு திரும்பட்டும், ஒரு வருஷம் ஓடட்டும். ஆறு மாச டியூவைக் கையில் ரொக்கமாக வைத்துக்கொண்டு அப்புறம் எடு, நானே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. ஓசூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று நம் ஆபீசுக்குத் தகவல் வந்தது. மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. துறைமுக கேட்டில் நிற்கிற நாளுக்கும் சம்பளம் ஓடும். தொகையைக் கேட்டால் நீ உதட்டைப் பிதுக்குவாய், நல்ல மாசத்தில் லைன் வண்டியில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறாய். நல்ல மாசத்தை மட்டும் எண்ணாதே, இந்த வருஷம் முழுக்க வந்ததைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பார். நம் ஊர்க்காரர்கள் "லைன் வண்டி ஓட்டினவன் கன்டெய்னருக்குப் போயிட்டானா" என்று கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவனா உன் பாப்பாவுக்கு டியூஷன் பீஸ் கட்டப்போகிறான்? கேஸ் டேங்கருக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அங்கேயும் மார்ச்சில் புது டெண்டர் நிபந்தனைக்காக நாமக்கல்காரர்கள் வண்டியை நிறுத்தியதைப் பார்த்தாயே, எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஓட்டுநர் நலவாரியத்தில் உன் பதிவு காலாவதி ஆகிவிட்டது. புதுப்பித்து வைத்தால் பாப்பாவின் பத்தாவது படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம், உனக்கு அறுபது ஆனால் பென்ஷனும் உண்டு. எத்தனை தடவை சொன்னேன்? "அந்த ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு எவன் லைன்ல நிக்கறது" என்பாய். நீ நிற்க வேண்டாம், நான் நிற்கிறேன். லைசென்ஸ் இரண்டு பக்கமும், ஆதார், பாங்க் பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் வைத்து, விரல் தெரியாமல் போட்டோ எடுத்து அனுப்பு. போன தடவை நீ அனுப்பியதில் லைசென்ஸை விட உன் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது. ஓசூர் வேலைக்கும் அதே பேப்பர்தான் கேட்கிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவேன்.

புளிக்காய்ச்சல் டப்பா மாமாவுடையது. திரும்ப வரும்போது கொண்டு வா.

உன் அக்கா